அத்தியாயம் 6: சேவல் ஏன் மூன்று மணிக்குக் கூவியது?

புதிதாக எழுத வருபவர்களின் கைப்பிரதிகளில் பூனை பெரும்பாலும் ஜன்னலில் உட்கார்ந்திருக்கும். மூன்றாம் அத்தியாயத்தில் பால் குடிக்கும். கொலையாளி பிடிபட்டதும் கதாநாயகியின் மடியில் ஏறிப் படுத்துக்கொள்ளும். அதை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒரு பூந்தொட்டியை வைத்தாலும் கதைக்கு ஒன்றும் ஆகாது. நாவலில் பிராணி வேண்டுமென்று முடிவு செய்துவிட்டால் அதற்கு ஒரு வேலை கொடுங்கள். என்ன வேலை, எவ்வளவு வேலை என்பதுதான் இந்த அத்தியாயம்.

நாம் எழுதப்போவது ஆங்கிலத்தில் ‘கோஸி’ என்று புழங்கும் வகை. சின்ன ஊர், ஒருவரையொருவர் தெரிந்த மனிதர்கள், கண்ணுக்குப் படாமல் நடக்கும் கொலை, போலீஸ் உத்தியோகத்தில் இல்லாத துப்பறிவாளர். அகதா கிறிஸ்டியின் மிஸ் மார்ப்பிள் இதன் மூத்த பாட்டி. அமெரிக்காவில் இந்த வகைக்கென்றே ‘மாலிஸ் டொமெஸ்டிக்’ என்ற மாநாடு 1989 முதல் நடக்கிறது. நம் பக்கத்தில் இதற்கு மிக நெருங்கி வருபவர் தேவனின் துப்பறியும் சாம்பு. பேங்க் குமாஸ்தா, அசடு, ஆனால் வழக்குகள் அவர் கையில்தான் முடியும். சாம்புவிடம் இல்லாதது ஒரு நாய்தான். அந்தக் குறையை நாம் தீர்த்துக்கொள்ளலாம்.

வழக்கமும் அது பிசகும் இரவும்

பிராணி துப்புத் துலக்காது. அதற்கு வழக்கங்கள் மட்டுமே உண்டு. இன்ன நேரத்தில் சாப்பாடு, இன்ன இடத்தில் தூக்கம், இன்னாரைக் கண்டால் குரைப்பு. குற்றம் நடக்கும் இரவில் இந்த வழக்கம் ஓரிடத்தில் பிசகும், அல்லது பிசகவேண்டிய இடத்தில் பிசகாமல் போகும். இரண்டாவதற்குப் புகழ்பெற்ற உதாரணம் கோனன் டாயில் 1892இல் எழுதிய ‘சில்வர் பிளேஸ்’. பந்தயக் குதிரையை ராத்திரியில் யாரோ லாயத்திலிருந்து ஓட்டிப்போகிறார்கள், காவல் நாய் குரைக்கவில்லை. வந்தவன் அதற்குப் பழகிய ஆள், குதிரையின் பயிற்சியாளரே, என்று ஹோம்ஸ் முடிவுக்கு வருகிறார். நாயைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள். அதே கதையில் நொண்டும் ஆடுகளை யாரும் நினைப்பதில்லை. குதிரையின் காலில் வெளியே தெரியாமல் ஒரு கீறல் போட்டு அதை முடமாக்கப் பயிற்சியாளர் திட்டம் போட்டிருந்தார். கை பழக முதலில் ஆடுகளின் கால்களைக் கீறிப் பார்த்திருக்கிறார். நாயைவிட அந்த ஆடுகள் எனக்குப் பெரிய பாடம். (காவல்காரப் பையனின் சாப்பாட்டில் கலந்த அபினின் ருசியை மறைக்க ஆட்டுக்கறிக் குழம்பு உதவியது என்பதை நம் ஊர் வாசகர் ரசிக்காமல் இருக்க முடியாது.)

கிறிஸ்டியின் ‘டம்ப் விட்னெஸ்’ (1937) இன்னும் நமக்குப் பக்கத்தில் வருகிறது. வயதான ஒரு சீமாட்டி இரவில் மாடிப்படியிலிருந்து உருண்டு விழுகிறார். வீட்டு நாய் பாப், தன் பந்தைப் படியில் விட்டுவிட்டுப் போகும் பழக்கம் உள்ளது. ஆகவே பந்து தடுக்கிவிட்டது என்று குடும்பமே சொல்லிவிடுகிறது. ஆனால் அன்று இரவு பாப் வீட்டிலேயே இல்லை, வெளியே சுற்றிக்கொண்டிருந்தது. நாய்க்கு ஒரு கெட்ட பழக்கம், அதை ஊரறியச் செய்தல், பிறகு அந்தப் பழக்கத்தின் மேல் ஒருவன் பழி போடுதல். மூன்றும் ஒன்றுக்குள் ஒன்று பூட்டிக்கொள்கின்றன. கிறிஸ்டி இந்த நாவலைத் தம் நாய் பீட்டருக்குச் சமர்ப்பணம் செய்திருக்கிறார். பாப்பின் அசட்டுத்தனங்கள் எங்கிருந்து வந்தன என்று கேட்கவே வேண்டாம்.

இதிலிருந்து நான் எடுத்துக்கொள்ளும் விதி ஒன்றுதான். பிராணியின் கிறுக்குத்தனம் யாராவது ஒரு மனிதருக்குத் தொல்லையாக இருக்கவேண்டும். நாய் வந்து சாட்சி சொல்லாது. அந்த நாயால் தூக்கம் கெட்டவர் சொல்வார். செருப்பு தொலைந்தவர் சொல்வார். எழுத்தாளர்கள் பிராணியின் குணத்தை அழகாக எழுதிவிட்டு, அது யார் தலையில் விடிகிறது என்பதை எழுத மறந்துவிடுகிறார்கள். தடயம் அங்கேதான் இருக்கிறது.

ஒரு கதையைக் கட்டிப் பார்ப்போம்

காரைக்குடியில் ஒரு முட்டுச்சந்து. தெருமுனையில் தையல்கடை, அதன் பின்கட்டிலேயே வீடு. சந்தின் கோடியில் பூட்டிக் கிடக்கும் பெரிய செட்டிநாட்டு வீடு ஒன்று. சொந்தக்காரர்கள் வெளியூரில், வீட்டைப் பார்த்துக்கொள்ள ஒரு பெரியவர். பர்மா தேக்குக் கதவு, தூண், பழைய கண்ணாடிப் படங்கள் என்று உள்ளே விலைபோகும் பொருள்கள் நிறைய. காரைக்குடியில் இப்படிப்பட்ட பழம்பொருள்களுக்குக் கடைத்தெருவே உண்டு, ஆகவே திருட்டுக்கான காரணத்தைத் தனியாகத் தேடவேண்டாம்.

துப்பறிபவர் தையல்கார அக்கா. இந்தத் தொழிலை நான் வேண்டுமென்றே தேர்ந்தெடுத்தேன். அவருடைய அளவு நோட்டில் தெருவே இருக்கிறது. யார் இளைத்தார்கள், யார் வீட்டில் விசேஷம், யார் திடீரென்று பத்துப் பட்டு ஜாக்கெட்டுக்குத் துணி கொண்டுவந்தார்கள் என்பதெல்லாம் அவருக்கு முதலில் தெரியும். அளவு கொடுக்க நிற்கும் பெண் கையைத் தூக்கிக்கொண்டு இரண்டு நிமிஷம் சும்மா நிற்கவேண்டும். அந்த இரண்டு நிமிஷத்தில் பேச்சு தானாக வரும்.

அவரிடம் ஒரு சேவல். கறிக்கு வாங்கி வந்தது, அறுக்க மனசு வராமல் தங்கிவிட்டது. சேவலைப் பற்றி எழுதுமுன் சேவலைத் தெரிந்துகொள்ளுங்கள். வெளிச்சத்தைக் கண்டுதான் அது கூவுகிறது என்பது பாதி உண்மை. ஜப்பானின் நகோயா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013இல் வெளியிட்ட முடிவின்படி அதன் உடம்புக்குள்ளேயே ஒரு கடிகாரம் இருக்கிறது. மாறாத மங்கல் வெளிச்சத்தில் அடைத்து வைத்தாலும், விடியவேண்டிய நேரத்துக்கு ஏறக்குறைய இரண்டு மணி நேரம் முன்பே கூவ ஆரம்பித்துவிடும். வண்டி விளக்கும் இன்னொரு சேவலின் குரலும் அதைத் தூண்டும். ஆனால் நள்ளிரவில் அந்தத் தூண்டலுக்கு அவ்வளவாக மசியாது, விடியல் நெருங்க நெருங்கத்தான் மசியும். ஆகவே உங்கள் கொலையைப் பன்னிரண்டு மணிக்கு வைக்காதீர்கள். மூன்று மணிக்கு வையுங்கள். சேவலும் நம்பும்படி கூவும், கொலையாளியும் “விடியப்போகிற நேரம், கூவாமல் என்ன செய்யும்?” என்று சொல்லித் தப்பிக்கப் பார்ப்பான்.

இரண்டாம் அத்தியாயத்தில் நகராட்சி சந்துக்குள் புது எல்.இ.டி. விளக்கு போடுகிறது. சேவல் அகாலத்தில் கூவித் தொலைக்கிறது. எதிர்வீட்டு ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் சண்டைக்கு வருகிறார். அக்கா கூண்டின் மேல் ஒரு சாக்கைத் தொங்கவிடுகிறார். தெருவிளக்கு இருக்கும் பக்கம் மட்டும் மறைகிறது, முனை திரும்பும் பக்கம் திறந்தே இருக்கிறது. கூவல் குறைகிறது, ஆனாலும் தலைமையாசிரியருக்குத் திருப்தி இல்லை. நகராட்சிக்கு மனு போடுவதற்காக ஒரு நோட்டில் தேதி, நேரம் போட்டுக் குறித்துவைக்க ஆரம்பிக்கிறார். வாசகர் இதைப் படித்துச் சிரிக்கவேண்டும். சிரித்துவிட்டால் அதைத் தடயம் என்று எண்ணமாட்டார். இந்த அத்தியாயத்தில் ஒரே ஒரு உத்தியைத்தான் நினைவில் வைத்துக்கொள்வீர்கள் என்றால் அது இதுவாக இருக்கட்டும்.

ஐந்தாம் அத்தியாயத்தில் காவலிருந்த பெரியவர் முற்றத்துப் படியின் கீழே இறந்து கிடக்கிறார். வழுக்கி விழுந்தார் என்கிறார்கள். வீட்டுக்காரரின் உறவினர் ஒருவர் காலை ஏழு மணி பஸ்ஸில் வந்து இறங்கியதாகச் சொல்லி, எல்லா ஏற்பாட்டையும் முன்நின்று செய்கிறார். போலீஸ் சந்தேக மரணமாகப் பதிவு செய்கிறது. இங்கே ஒரு குறிப்பு: பத்திரிகைகளில் படித்துப் பழகிய 174ஆம் பிரிவு பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தினுடையது. கதை 1-7-2024க்குப் பிறகு நடந்தால் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 194ஆம் பிரிவு என்று எழுதுங்கள்.

இனி அக்காவும் இன்ஸ்பெக்டரும்:

“என்னக்கா, சேவல் கூவினதுக்கெல்லாம் எஃப்.ஐ.ஆர். போடச் சொல்றீங்களா?”

“கூவினதுக்கு வேணாம் சார். எதப் பாத்துக் கூவுச்சுன்னு மட்டும் யோசிங்க.”

“விடியக் காலைல கூவாம என்ன பண்ணும்?”

“அது நாலு மணிக்கு மேலதான் சார் தானா கூவும். எனக்கே அலாரம் அதுதான். அன்னைக்கு ரெண்டு அம்பதுக்குக் கூவியிருக்கு. எங்க ஹெட்மாஸ்டர் சார் நோட்டுல இருக்கு, என்னைத் திட்டி எழுதினதுதான். சாக்கு போட்ட பக்கம் வெளிச்சம் வராது. முனையில வண்டி திரும்பினாதான் அது மூஞ்சில அடிக்கும். முட்டுச்சந்துக்குள்ள மூணு மணிக்கு யார் சார் வண்டில வருவா?”

இன்ஸ்பெக்டர் சிரிக்கலாம், எழுந்து போகலாம். ஆனால் நோட்டு இருக்கிறது. எழுதியவருக்கு அக்கா மேல் பிரியம் கிடையாது, ஆகவே அந்தச் சாட்சியத்தை யாரும் தள்ளிவிட முடியாது. சேவல் எதையும் கண்டுபிடிக்கவில்லை, வழக்கப்படி கூவியது, அவ்வளவுதான். பாராட்டப்படவேண்டியவர் அதை வெறுத்த தலைமையாசிரியர்.

பிராணிக்கு எவ்வளவு தெரியலாம்?

எழுதத் தொடங்குமுன் இதைத் தீர்மானித்துக்கொண்டு கடைசிவரை மாற்றாமல் இருக்கவேண்டும். லிலியன் ஜாக்சன் பிரௌனின் ‘தி கேட் ஹூ’ வரிசை 1966இல் தொடங்கியது. மூன்று நாவல்கள் வந்தபின் பல வருட இடைவெளி, மறுபடி 1986இலிருந்து தொடர்ச்சியாக. பத்திரிகையாளர் குவில்லரன், கோகோ, யம்யம் என்ற இரண்டு சயாமியப் பூனைகள். கோகோ அலமாரியிலிருந்து ஒரு புத்தகத்தைத் தள்ளிவிடும், அந்தத் தலைப்பு வழக்கோடு எப்படியோ பொருந்தும். பூனைக்குத் தெரியுமா, குவில்லரன்தான் அர்த்தம் கற்பித்துக்கொள்கிறாரா என்பதை ஆசிரியர் சொல்லமாட்டார். முதல் சில நாவல்களில் அந்த மயக்கம் அருமையாக இருக்கிறது. போகப்போக எந்தப் புத்தகம் விழும் என்று காத்திருக்க ஆரம்பித்துவிடுகிறோம்.

ரீட்டா மே பிரௌன் ஒரு படி மேலே போனார். 1990 முதல் வரும் மிஸஸ் மர்ஃபி வரிசையில் பூனையும் கார்கி நாயும் தங்களுக்குள் பேசிக்கொள்கின்றன. மனிதர்களுக்கு மட்டும் அது மியாவும் குரைப்பும்தான். வாசகருக்குத் தெரிந்தது வர்ஜீனியாவின் சிற்றூர் போஸ்ட்மிஸ்ட்ரஸான ஹாரிக்குத் தெரியாது என்பதில் ஒரு தவிப்பு உண்டாகிறது. நாவல்களின் அட்டையில் இணையாசிரியராகத் தம் பூனை ஸ்னீக்கி பையின் பெயரையும் போட்டிருக்கிறார். ஸ்பென்சர் க்வின் 2009இல் நாயையே கதைசொல்லியாக்கினார். செட் என்ற அந்த நாய்க்கு மோப்பத்தால் குற்றவாளி யாரென்று தெரிந்துவிடும், அடுத்த நிமிஷம் யாரோ தின்பண்டம் காட்டினால் மறந்துவிடும். ஜப்பானில் அகாகவா ஜிரோ 1978இல் தொடங்கிய வரிசையில் ரத்தத்தைக் கண்டால் மயங்கும் போலீஸ்காரருக்கு ஹோம்ஸ் என்ற மூவண்ணப் பூனை வழிகாட்டுகிறது.

முதல் நாவலுக்கு என் யோசனை: பேசும் பூனை வேண்டாம். பஞ்சதந்திரம் கேட்டு வளர்ந்த வாசகருக்கு விலங்கு பேசுவது ஆச்சரியமில்லை, ஆனால் பேசிய உடனே அது நீதிக்கதை ஆகிவிடும். கொலை நடந்த தெருவின் நம்பகம் கரைந்துபோகும்.

விலங்கைப் பற்றிய உண்மைகள் உங்களுக்குச் சம்பளமில்லாத வேலைக்காரர்கள்

கருப்பு, வெள்ளை, செம்பழுப்பு மூன்றும் கலந்த பூனை ஏறக்குறைய எப்போதும் பெட்டைதான். செம்பழுப்பு நிறத்துக்கான மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருப்பதே காரணம். கடுவனாகப் பிறப்பது சுமார் 3,000க்கு ஒன்று. “ஒரு மாசமா அந்தப் பூனைக்கு நான்தான் சோறு வெச்சேன், நல்ல கடுவன்” என்று ஒருவன் சொன்னால், அவன் அதைத் தூரத்திலிருந்துகூடச் சரியாகப் பார்க்கவில்லை என்று அக்காவுக்குப் புரிந்துவிடும்.

ராஜபாளையம் நாய்க்குட்டிகளில் காது கேளாமை அடிக்கடி வருவது. குரைக்காத நாயைக் கண்டதும் வாசகர் ‘சில்வர் பிளேஸ்’ படித்த தெம்பில் “தெரிந்த ஆள்தான்!” என்று துள்ளுவார். நாய்க்குக் காதே கேட்காது என்பது பத்தாம் அத்தியாயத்தில் வரட்டும். ஆனால் இரண்டாம் அத்தியாயத்திலேயே பட்டாசு வெடிக்கும்போது அது அசையாமல் தூங்குவதைக் காட்டியிருக்கவேண்டும். இல்லாவிட்டால் அது ஏமாற்று.

குப்பைமேனியைப் பிடுங்கி வேரைக் காட்டினால் பூனைகள் அதன்மேல் விழுந்து புரளும். பூனைவணங்கி என்றே அதற்குப் பெயர் உண்டு. மேலைநாட்டு நாவல்களில் இதே வேலையைச் செய்யும் ‘கேட்னிப்’ செடியைக் கொண்டுவந்து காரைக்குடியில் நடவேண்டாம். மருந்துக்காரர் என்று சொல்லிக்கொண்டு வந்தவரின் பையைப் பூனை விடாமல் பிராண்டுகிறது என்றால், அவர் எந்தக் கொல்லையிலிருந்து அப்போதுதான் வந்தார் என்று தேடலாம்.

கிளி வேண்டும் என்பீர்கள். பேசும் கிளி சாட்சியாவது எல்லோருக்கும் தோன்றும் முதல் யோசனை, அதனாலேயே அதைக் கைவிடுங்கள். அதற்கு மேல் ஒரு சங்கடமும் இருக்கிறது. நம் ஊர்ப் பச்சைக்கிளி 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வருகிறது, கூண்டில் வளர்ப்பது குற்றம். கொலையை விசாரிக்க வந்த இன்ஸ்பெக்டர் முதலில் உங்கள் கதாநாயகியின் மேல்தான் வழக்குப் போடவேண்டியிருக்கும். நட்சத்திர ஆமைக்கும் இதே கதிதான். அதையே கதையின் சிக்கலாக வைத்துக்கொள்ளத் துணிந்தால் சரி, தெரியாமல் எழுதாதீர்கள்.

ரோமம் உடையில் ஒட்டும் என்பதை எல்லோரும் எழுதுகிறார்கள். கனடாவின் பிரின்ஸ் எட்வர்ட் தீவில் 1994இல் நடந்த கொலை வழக்கு ஒன்றில் அது உண்மையிலேயே நடந்தது. ரத்தக்கறை படிந்த தோல் ஜாக்கெட்டில் வெள்ளை ரோமங்கள் கிடைத்தன. சந்தேகத்துக்குரியவரின் பெற்றோர் வீட்டில் ஸ்னோபால் என்ற வெள்ளைப் பூனை. அதன் ரத்தத்தோடு ரோமத்தின் டி.என்.ஏ.வை ஒப்பிட்டுப் பார்த்தார்கள், பொருந்தியது. எனக்குப் பிடித்தது அடுத்த கட்டம். தீவின் பூனைகளெல்லாம் ஒரே வம்சமாக இருந்தால் அந்தப் பொருத்தத்துக்கு மதிப்பில்லையே என்று, தீவிலுள்ள வேறு பூனைகளின் ரத்தத்தையும் எடுத்துச் சோதித்திருக்கிறார்கள். நீங்கள் ரோமத்தைத் தடயமாக வைத்தால் இந்தக் கேள்வியை உங்கள் துப்பறிவாளரும் கேட்கவேண்டும். தெருவில் அதே நிறத்தில் எத்தனை பூனை?

கொலை எத்தனை வேண்டுமானாலும் செய்யுங்கள், பிராணியைக் கொல்லாதீர்கள். இந்த வகை வாசகர்கள் மூன்று பிணங்களை மன்னித்துவிட்டு ஒரு பூனைக்காகப் புத்தகத்தை மூடிவிடுவார்கள். ஆபத்து வரலாம், ஆஸ்பத்திரி வரலாம். தையல்கடைப் பூனை நூலை விழுங்கிவிடுவது நிஜமாகவே நடக்கிற, குடலை நாசம் செய்கிற விபத்து. கால்நடை மருத்துவமனை வராந்தாவில் ஒரு மணி நேரம் காத்திருக்கையில் முன்பின் தெரியாதவர்கள் பேசிக்கொள்வதை நீங்கள் கவனித்திருப்பீர்கள், அதை அப்படியே பயன்படுத்துங்கள்.

கதவு திறப்பது

தொழில்முறை இல்லாத துப்பறிவாளருக்குப் பெரிய சங்கடம், குற்றம் நடந்த இடத்துக்குள் நுழைய அவருக்கு எந்த உரிமையும் இல்லாததுதான். பல கைப்பிரதிகளில் இன்ஸ்பெக்டர் காரணமே இல்லாமல் “வாங்கம்மா, நீங்களும் பாருங்க” என்கிறார். யாரும் நம்பமாட்டார்கள். பிராணி இதைத் தீர்த்துவிடும். நாயை நடத்திக்கொண்டு போகிறவர் காலை ஐந்து மணிக்கும் இரவு பத்து மணிக்கும் எந்த வாசலில் நின்றாலும் கேள்வி கிடையாது. பூனையைத் தேடுகிறவர் அடுத்தவர் கொல்லைக்குள்ளேயே போகலாம், மொட்டைமாடிக்கு ஏறலாம், கார் ஷெட்டில் குனிந்து பார்க்கலாம்.

இதைவிட நல்லது, இறந்தவரின் பிராணி. ‘தி கேட் ஹூ’ முதல் நாவலிலேயே கோகோவின் பழைய எஜமானர் கொலையாகிறார், பூனை குவில்லரனிடம் வந்து சேர்கிறது. சாவு விழுந்த வீட்டில் இரண்டாம் நாளே இந்தக் கேள்வி எழுந்துவிடும்: அவர் வளர்த்ததற்கு இனி யார் சோறு வைப்பது? உறவினருக்குப் பிடிக்காது, போலீசுக்கு அது வேலையில்லை. காரைக்குடிப் பெரியவர் பின்கட்டில் ஒரு பூனைக்குத் தினமும் மீன் தலை வைத்துக்கொண்டிருந்தார் என்று முன்பே காட்டிவிடுங்கள். அது வீட்டைவிட்டு வரமறுக்கிறது. அக்கா கருவாட்டுப் பொட்டலத்தோடு போய் நிற்கிறார். ஊரார் பார்வைக்கு நல்லவராகத் தெரியவேண்டிய அவசரத்தில் இருக்கும் அந்த உறவினர், கொல்லைக் கதவுச் சாவியைத் தானே எடுத்துக் கொடுக்கிறார். அதைத் திருப்பி வாங்க அவருக்கு ஞாபகம் வரக்கூடாது. பதினோராம் அத்தியாயம் வரை சாவி அக்காவின் டேப்போடு சேர்த்து ஆணியில் தொங்கட்டும்.